பதினொரு விநாடி

இலவசப் பதிப்பு மூன்று நிமிடம்தான் தரும்.
அதற்குமேல் ஒரு விநாடி வேண்டுமென்றாலும்
மாதம் இருநூறு மலோட்டி.
சங்கத்தின் டப்பாவில் நூற்றி நாற்பது இருந்தது,
அதில் எண்பது ஜெனரேட்டருக்கு.

மஃபெட்டெங்கில், செருப்புக் கடைக்குப் பின்னால்
எங்கள் அலுவலகம்.
சுரங்கத்துத் தூசியை நெஞ்சில் சுமந்து திரும்பியவர்களும்
அப்படித் திரும்பிச் செத்தவர்களின் மனைவிமாரும்
நஷ்டஈடு கேட்டுச் சேர்ந்த சங்கம்.
நான் கணக்கு எழுதுபவள்.
கேமரா உள்ள போன் என்னிடம் இருந்தது,
வேலையும் என்னிடமே வந்தது.

கண்ணாடி கீறிய போன்.
அதைத் தாங்க மூன்று மக்காச்சோள மாவு மூட்டை.
பழைய இயர்போனின் மைக்குக்குத்
தெபெலோவின் கம்பளிக் காலுறையை மாட்டினோம்.
மலைக்காற்று இறங்கும் நேரம்
அது இல்லையென்றால் எல்லாக் குரலும் கடலாகிவிடும்.
எங்கள் நாட்டில் கடல் கிடையாது.

மம்போயின் வாசலில் கேள்வித்தாளைப் பிரித்தேன்.
மசேரு அலுவலகம் அனுப்பியது, அச்சிட்டது.
"உங்கள் கணவரின் இழப்பிற்குப் பிறகு
உங்கள் அன்றாட வாழ்வில் ஏற்பட்டுள்ள
முக்கிய மாற்றங்களை விவரிக்க முடியுமா?"
வாசித்து முடிக்கும் முன்பே வெட்கமாக இருந்தது.

அவள் பேசவில்லை.
நான்காம் விநாடியில் ஒரு கோழி குறுக்கே போனது.
ஒன்பதாம் விநாடியில் போர்வையின் ஊக்கைக்
கழற்றி மறுபடி குத்திக்கொண்டாள்.
பிறகு சொன்னாள்:
"இப்போதெல்லாம் ராத்திரி வீட்டில்
சத்தமே இல்லை. நன்றாகத் தூங்கலாம்.
தூங்குவதில்லை."

வெட்ட உட்கார்ந்தோம், தெபெலோவும் நானும்,
மின்சாரம் போவதற்குள்.
தலைவர் மொலேஃபியின் வரவேற்புரை போனது.
நிதி தந்தவர்களின் சுழலும் சின்னம் போனது
(ஏழு விநாடி சுழன்றது, வீணாக).
மலைமேல் சூரியன் விழும் காட்சி,
தெபெலோ அதற்காக இரண்டு நாள் காத்திருந்தான்,
அவனே வெட்டினான், ஒன்றும் பேசாமல்.

இன்னும் பதினொரு விநாடி கூடுதல்.

"இங்கே யாரும் பேசவில்லையே," என்று
திரையில் ஓரிடத்தைத் தொட்டான்.
மற்ற குரலெல்லாம் முட்செடிபோல் எழுந்து நிற்க
அது மட்டும் உழாத நிலம்.
"எடுத்துவிட்டால் கணக்குச் சரி."

கணக்கு என்றதும் எனக்குள் ஏதோ விழித்தது.
முன்னால் இருந்த என் கேள்வியை அளந்தேன்.
பன்னிரண்டு விநாடி.

அதை வெட்டினேன்.
ஒரு விநாடி மிச்சம் வந்தது.
அதில் ஒரு பெயர் போட்டோம்: லெஃபா.
எங்கள் மொழியில் ஆஸ்தி என்று பொருள்.

வெள்ளிக்கிழமை மாதாகோயில் கூடத்தில் திரையிட்டோம்.
பள்ளிக்கூடத்தின் புரொஜெக்டர்,
லென்ஸில் யாரோ ஒரு பிள்ளையின் கைரேகை.
இருட்டு போதாமல் ஜன்னலுக்கெல்லாம்
ஆளுக்கொரு போர்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
குளிரில் உட்கார்ந்திருந்தார்கள்.
திரை என்பது மொலேஃபியின் கட்டில் விரிப்பு.
மூலையில் அந்தச் செயலியின் முத்திரை,
காசு கொடுக்காதவர்கள் என்று சொல்லிக்கொண்டே.

மம்போய் வந்தாள், பேசாமல் இருந்தாள்.
யாரோ, "நின்றுபோச்சா?" என்றார்கள்.
தெபெலோவின் கை வயரை நோக்கிப் போனது.
கோழி நடந்தது. கை திரும்பி வந்தது.

அப்போது பின்வரிசையில் ஒருவர் இருமினார்.
அடக்கப் பார்த்தார், முடியவில்லை.
பக்கத்தவர். அதற்கும் பக்கத்தவர்.
பதினொரு விநாடியும் கூடம் இருமியது.
முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மம்போய்
திரையை விட்டுவிட்டுத்
திரும்பி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நள்ளிரவுக்குமேல் டேட்டா பாதி விலை.
கோப்பை அப்போதுதான் மசேருவுக்கு அனுப்பினேன்.
திங்கட்கிழமை பதில் வந்தது:
நடுவில் ஒலி வரவில்லை,
கோப்பு பழுதா? மறுபடி அனுப்பவும்.

பழுதில்லை ஐயா, என்று எழுதினேன்.
சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.
கோழி நடப்பது கேட்கும்.